காத்துக்குக் கதவு வைக்காத வீடு

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உட்காரு. சிங்கப்பூர் பேன்ட்டுல கொஞ்சம் செம்மண்ணு ஒட்டினா ஒட்டட்டும். கந்தர்வக்கோட்டை மண்ணு, துவைச்சாலும் முழுசாப் போகாது.

உன் வீட்டைப் பத்தி நல்லவிதமாப் பேசத்தான் கூப்பிட்டேன். தஞ்சாவூர்லேர்ந்து புதுக்கோட்டை போற பஸ்ஸுல சன்னலோரம் உட்கார்ந்தவன்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துட்டுப் போறான். உங்க தாத்தன் செம்புறாங்கல்லுல கட்டின வீட்டுல எலி வரும், பூரான் வரும், மழைச்சாரல் வரும். நீ அதை இடிச்சுத் தள்ளிட்டு, ரப்பர் பட்டி வச்ச கண்ணாடிச் சன்னலாப் போட்டிருக்க. சாத்தினா கொசு வராது, புழுதி வராது. போன வாரம் நான் வாசல்ல நின்னு உன் பேரைச் சொல்லிக் கத்தினேன், அதுவும் உள்ளே வரல. மாமன் கத்துறது கேட்காத வீடு எல்லாருக்குமா அமையும்? கொடுத்துவச்சவன் நீ.

ஆனா உங்கம்மா நேத்து சாயந்திரம் வந்து அழுதுட்டுப் போனா. “புது வீட்டுக்குக் கண்ணு பட்டுருச்சு அண்ணே”ங்கிறா. மார்கழி பொறந்ததுலேர்ந்து நீ குளிச்சுட்டு வெளியே வந்தா தலை கிறுகிறுன்னு சுத்துதாம், நெத்திப்பொட்டு இடிக்குதாம், குமட்டுதாம். வெளியில காத்தாட உட்கார்ந்திருந்தா மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சிடுதாம். அவ என்ன பண்ணுவா பாவம், உப்பும் மிளகாயும் எடுத்து உன்னை மூணு சுத்துச் சுத்தி அடுப்புல போட்டிருக்கா. நெடியே வரலையாம். நெடி வரலைன்னா கண்ணேறு பலமா இருக்குன்னுதானே கணக்கு? அடுத்தது யார் கண்ணுன்னு பட்டியல் போட ஆரம்பிச்சுட்டா. அதுல என் பேரும் இருந்திருக்கும், முகத்துக்கு நேரா சொல்லல.

நான் ஒண்ணுதான் கேட்டேன். “ஏன் ஆத்தா, மிளகாய் போடறப்போ அடுப்புக்கு மேல அந்தச் சிம்னி ஓடிக்கிட்டிருந்துச்சா?” “ஆமாண்ணே, புகை சூழ்ந்தா மருமக கோவிச்சுக்கும்னு போட்டு விட்டேன்”னா. நெடியைப் பூரா அது உறிஞ்சி வெளியே தள்ளிடுச்சு மாப்ளே. பழி மட்டும் ஊர்க்கண்ணு மேல. அந்தச் சிம்னியை ஞாபகத்துல வச்சுக்க, அதுக்கு அப்புறமா வர்றேன்.

நீயும் சும்மா இருக்கல. கொரோனா காலத்துல வாங்கிப் போட்ட, விரல்ல மாட்டுற கருவியை எடுத்து மாட்டிப் பார்த்திருக்க. 98 காட்டிச்சாம். “ஆக்சிஜன் நல்லா இருக்கு மாமா, வெறும் அசதிதான்”னு போன்ல சொன்ன. படிச்ச புள்ள சொன்னா மறுத்துப் பேச முடியுமா? ஆனா அந்தக் கருவி ரத்தத்தோட சிவப்பைப் பார்த்துக் குறி சொல்ற ஆளு. ரத்தத்துல ஆக்சிஜன் ஏறியிருந்தாலும் சிவப்பு, அந்த இடத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடிச்சிருந்தாலும் சிவப்பு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க அதுக்குத் தெரியாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல கெட்டியா ரத்தத்தோட ஒட்டிக்கிற சாமான் அது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கேஸ் கசிஞ்சா நாறுதே, அதுக்குன்னே மெர்கேப்டன்னு ஒரு நாத்தத்தைக் கலந்துதான் சிலிண்டர்ல அடைக்கிறாங்க. எரியுறப்போ அந்த நாத்தமும் சேர்ந்து எரிஞ்சு போயிடும். அதனால மூக்கை நம்பாதே, விரல்ல மாட்டுறதையும் நம்பாதே.

பெங்களூரு, மும்பை, புனே பக்கம் மார்கழி, தை ஆனா பேப்பர்ல வர்ற சேதிதான். குளிக்கப் போன ஆளு ரொம்ப நேரமா வரல, கதவை உடைச்சுப் பார்த்தாங்கன்னு. பிழைச்சு வந்தவங்கள்ல சிலருக்கு வலிப்பு வந்து, காக்காய் வலிப்புன்னு நினைச்சு மாத்திரை கொடுத்ததும் உண்டு. பொறவு நரம்பு டாக்டருங்க விசாரிச்சா, எல்லாரும் சாத்தின குளியலறையில கேஸ் கீசர் போட்டுக் குளிச்சவங்க. ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’னே அதுக்குப் பேரு வச்சுட்டாங்க. உனக்கு வந்திருக்கிறது கண்ணேறு இல்ல. பேரு ஆங்கிலத்துல இருக்கு, அந்த வகையில நீ பெருமைப்பட்டுக்கலாம்.

நீ ஏன் கேஸ் கீசர் வாங்கினேன்னு எனக்குத் தெரியாதா என்ன. 2018 நவம்பர் 16, விடியக்காலம் கஜா புயல் வந்து போச்சு. தென்னை போச்சு, பலா போச்சு, முந்திரி போச்சு, கரண்டு கம்பமெல்லாம் வரிசையாப் படுத்துக்கிச்சு. வாரக்கணக்குல இருட்டு. சிங்கப்பூர்லேர்ந்து லீவு போட்டுட்டு வந்த நீ, பச்சைத் தண்ணியில குளிச்சுட்டு நடுங்கினதை இந்தக் கண்ணால பார்த்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்ட, இனிமே கரண்டை நம்பி வெந்நி கிடையாதுன்னு. முடிவு நல்ல முடிவு. சேதி என்னன்னா, கரண்டு ஹீட்டருக்குக் கரண்டு போதும். தீ வச்சுத் தண்ணி சுட வைக்கணும்னா, தீ காத்து கேட்கும். நீ டைல்ஸ்காரனுக்குக் கொடுத்த, பெயின்டருக்குக் கொடுத்த, வாஸ்துக்காரனுக்கும் கொடுத்த. தீக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கல.

உங்க அப்பத்தா வச்சிருந்த வெந்நிப் பாய்லர் நினைப்பிருக்கா? கொல்லைப்புறத்துல கிணத்தடிக்குப் பக்கத்துல, செம்புல, இடுப்புக்கு மேல உசரமா நின்னுச்சே. நடுவுல ஒரு குழாய். அதுக்குள்ள கொட்டாங்கச்சி, தைலமரச் சுள்ளி, தென்னம்பாளை, எது கிடைக்குதோ அது. குழாயைச் சுத்தித் தண்ணி. அடியில கம்பிச் சல்லடை, அதுக்குக் கீழே சாம்பல் விழுற குழி, குழிக்கு ஒரு சின்ன வாசல். கிழவி காலையில எந்திரிச்சதும் தீப்பெட்டியைத் தொடமாட்டா. முதல்ல அந்த வாசல்ல கையை விட்டுச் சாம்பலை வழிச்சு எடுத்து முருங்கை மரத்தடியில கொட்டிட்டுத்தான் பத்த வைப்பா. கீழ அடைச்சிருந்தா மேலே எரியாதுன்னு அவளுக்கு யாரும் பாடம் எடுக்கல. நீ சின்னப் புள்ளையில ஒருதரம் அந்த வாசல்ல செங்கல்லை வச்சு அடைச்சுட்டு ஒளிஞ்சுக்கிட்ட. பாய்லர் கரும்புகையாக் கக்கி, காயப் போட்டிருந்த வேட்டியெல்லாம் கறுத்துப் போச்சு. முதுகுல ரெண்டு வச்சா. அன்னைக்கு வாங்கினது இன்னும் கொஞ்சம் பலமா விழுந்திருந்தா இந்தச் சன்னலை இப்படிப் போட்டிருக்கமாட்ட.

அந்தப் பாய்லரைப் பழைய சாமான்காரன்கிட்ட எடைக்குப் போட்ட. செம்பு விலை தெரிஞ்சு போட்டியா, தெரியாம போட்டியான்னு நான் கேட்கமாட்டேன்.

சரி, கணக்குப் பார்ப்போமா? நீ இன்ஜினியரு, நான் ஆறாம் கிளாஸ். தப்பா இருந்தா திருத்து. சிலிண்டர்ல வர்றது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அது ஒரு கிலோ சுத்தமா எரியணும்னா 15 கிலோவுக்குக் கொறையாம காத்து வேணும். காத்துக்கு எடையான்னு சிரிக்காதே. ஒரு கன மீட்டர் காத்து ஏறக்குறைய 1.2 கிலோ. அப்போ 15 கிலோ காத்து 12 கன மீட்டருக்கு மேல இடம் பிடிக்கும். உன் குளியலறை அஞ்சுக்கு ஏழு, ஒம்பதடி உசரம். 315 கன அடி. மீட்டர்ல சொன்னா ஒம்பதுகூடத் தேறாது. நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நி கொடுக்கிற கீசர் மணிக்கு ஒரு கிலோ கிட்ட கேஸைக் குடிக்கும். நீ அரைமணி நேரம் ஷவருக்குக் கீழே நின்னு பாட்டுப் பாடுற ஆளு. உங்கம்மாதான் சொன்னா, பாட்டு எப்படின்னு நான் கேட்டுக்கல. அரைமணியில அந்தக் கீசருக்கு 6 கன மீட்டர் காத்து வேணும். மிச்சம் இருக்கிற மூணுல நீ மூச்சும் விடணும், பாடவும் செய்யணும்.

அதுவும் காத்து முழுக்கத் தீர்ற வரைக்கும் தீ காத்திருக்காது. காத்துல நூத்துக்கு 21 பங்குதான் ஆக்சிஜன். அதுல மூணு பங்கு கொறைஞ்சாலே தீ ஒழுங்கா எரியாம மோனாக்சைடைக் கொட்ட ஆரம்பிச்சுடும். இதெல்லாம் தெரிஞ்சுதான் சில கீசர்ல 20 நிமிஷம் ஆனா தானா அணையுற ஏற்பாடு வச்சிருக்கான். உன்னுதும் அணையுதாம். நீ குழாயை மூடித் திறந்து மறுபடி பத்த வச்சுக்கிறியாம். ‘போதும்டா, வெளியே போ’ன்னு மிஷின் சொல்லுது, நீ ‘இன்னும் ஒரு பாட்டு’ங்கிற.

இதுல மெக்கானிக்கு வேற வந்து பேட்டரியை மாத்திக் கொடுத்துட்டுக் காசு வாங்கிட்டுப் போயிருக்கான். அந்த ரெண்டு பேட்டரி பொறி தட்டுறதுக்கு. ‘டிக் டிக்’னு சத்தம் வந்து தீப் பிடிக்குதுன்னா பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம். தீப் பிடிச்ச பொறவு வர்ற வியாதிக்குப் பேட்டரி என்ன பண்ணும்? அவனைக் குத்தம் சொல்லல, அவன்கிட்ட இருந்தது பேட்டரி.

முதல்ல தீயைப் பார்க்கக் கத்துக்க. கீசர் முன்பக்கத்துல ஒரு சின்னக் கண்ணாடிச் சந்து இருக்கும், வெந்நி வர்றப்போ அதுக்குள்ள எட்டிப் பாரு, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு. தீ நீலமா, கொழுந்து கொழுந்தா, நிமிர்ந்து நின்னா காத்து சரியாப் போகுது. மஞ்சக்காமாலை கண்டவன் கண்ணு மாதிரி மஞ்சளா, நுனி ஆடிக்கிட்டு இருந்தா காத்துப் பத்தல. மஞ்சள் நிறம் எதுன்னா, முழுசா எரியாத கரித்துகள் சூட்டுல மின்னுறது. அது மேலே இருக்கிற செம்புத் தகட்டுல போய்க் கரியாப் படியும். தகட்டுச் சந்து அடையும், புகை போக வழி இல்லாம திரும்பும், திரும்பின புகையால இன்னும் காத்துக் கொறையும், இன்னும் மஞ்சளாகும். உன் கீசருக்கு மேல சுவத்துல ஒரு கறுப்புத் திட்டு இருக்கே, அதை டிசைன்னு நினைச்சேன்னு உன் பொண்டாட்டிப் புள்ளை சொல்லுச்சாம். நல்ல மனசு.

தீ பர்னரை விட்டு எகிறி, ‘ஹோ’ன்னு இரைஞ்சா அது காத்து கூடிப் போன கேஸு. அது உங்க வீட்டுல வர வாய்ப்பே இல்ல, அந்தக் கவலையை விடு. பத்த வைக்கிறப்போ ‘டப்’புன்னு வெடிச்சாலும், தீ உள்ளே போய் ஜெட்டுக்கிட்டயே எரிஞ்சாலும், குழலுக்குள்ள ஏதோ கோளாறு.

குழல்னா என்னன்னு கேளு. கேஸ் ஊசிமுனை அளவு ஓட்டை வழியாத்தான் வரும், அதுதான் ஜெட்டு. அதுலேர்ந்து சீறிக்கிட்டு வர்றப்போ பக்கத்துல இருக்கிற காத்தையும் இழுத்துக்கிட்டு ஒரு குழலுக்குள்ள ஓடும். உள்ளே ரெண்டும் கலந்து மேலே போய் எரியும். ஒரு பங்கு காத்து இப்படி முன்னாடியே சேருது. மீதி, எரியுற இடத்தைச் சுத்தியிருந்து வருது. ரெண்டுல எது கொறைஞ்சாலும் மஞ்சள்தான். ஜெர்மனியில ஹைடல்பர்க்குங்கிற ஊர்ல புன்சன்னு ஒரு வாத்தியார் 1855 வாக்குல இதை வச்சுத்தான் விளக்கு செஞ்சார். அடியில ஓட்டை, ஓட்டையைத் திறந்து மூட ஒரு வளையம். உன் பள்ளிக்கூட லேப்ல இருந்திருக்கும். வளையத்தை மூடினா மஞ்சள், திறந்தா நீலம். பரீட்சையில எழுதி மார்க்கு வாங்கியிருப்ப. படிச்சதை லேப்லயே வச்சுட்டு வரணும்னு யாரோ சொல்லியிருக்காங்க.

உங்கத்தைக்காரி ஏட்டுப் படிப்பு இல்லாமலே இதைக் கண்டுபிடிச்சவ. கலைஞர் ஆட்சியில இலவசமா வந்த கேஸ் அடுப்பு எங்க வீட்டுல ரொம்ப நாளு இருந்துச்சு. ஒருநாள் சட்டி அடி கறுத்துச்சு. நான் கேஸுல கலப்படம்னு கத்திக்கிட்டிருந்தேன், அவ அடுப்பைத் திருப்பிப் போட்டு, ஜெட்டுக்குப் பக்கத்துக் குழல் வாயில அடைச்சிருந்த ஈசல் றெக்கையை ஈர்க்குச்சியால தள்ளி எடுத்தா. நீலம் வந்துடுச்சு. ஒழுங்காக் காத்து வாங்குற அடுப்பு, எரியுற சூட்டுல நூத்துக்கு 68 பங்காவது பாத்திரத்துக்குக் கொடுக்கணும்னு இந்தியத் தர விதி இருக்கு. சட்டியைக் கறுப்பாக்குற அடுப்பு கேஸையும் தின்னும், சாம்பல் போட்டுத் தேய்க்கிற கையையும் தின்னும்.

இப்ப உன் கீசருக்கு வருவோம். மாசியிலேர்ந்து கார்த்திகை வரைக்கும் அதை யாரும் தொடல. வெந்நி வேணாம், வெயில் காலம். ஆனா சும்மா இருக்கிற குழாயைச் சும்மா விட்டுவைக்க நம்ம ஊர்ல ஆளு இல்ல. சிலந்தி பர்னர் குழலுக்குள்ள போய் வலை பின்னிடும். மெல்லிசா ஒரு படலம் போதும், காத்து மறிச்சுடும். எட்டுக்கால் பூச்சிதானேன்னு அலட்சியம் பண்ணாதே. 2011-ல மஸ்டாங்கிற ஜப்பான் கம்பெனி, வட அமெரிக்காவுல வித்த காருங்கள்ல ஆயிரக்கணக்கானதைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. பெட்ரோல் டாங்கியோட காத்துக் குழாயில ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை கட்டினதுதான் காரணம். அதைவிடக் கொடுமை 1996 பிப்ரவரியில டொமினிக்கன் ரிபப்ளிக்ல நடந்தது. கொஞ்ச நாளா சும்மா நின்ன ஒரு பெரிய விமானம் கிளம்பின சித்த நேரத்துல கடல்ல விழுந்து 189 பேரும் போயிட்டாங்க. வேகம் அளக்குற காத்துக் குழாய் அடைச்சிருந்துச்சு, உள்ளே மண் குளவி கூடு கட்டியிருக்கணும்னு விசாரிச்சவங்க சந்தேகப்பட்டாங்க.

குளவின்னதும் உனக்கு ஞாபகம் வருமே. கீசரோட புகைக் குழாய் வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற இடத்துல, வாயில பாதியை மறைச்சு ஒரு குளவி மண்கூடு கட்டியிருக்கு. நான் பார்த்துட்டுக் குச்சியால தட்டப் போனேன். உங்கம்மா ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. “அண்ணே, வேணாம். குளவி கூடு கட்டினா வீட்டுல யாரோ முழுகாம இருக்காங்கன்னு அர்த்தம். கலைச்சா வயித்துப் புள்ளைக்கு ஆகாது”ங்கிறா. அந்தப் புள்ளை வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளே போயிடுச்சு. விஷயம் இருக்கு போல, எனக்கு எதுக்கு, நேரம் வர்றப்போ சொல்லுவீங்க.

ஆனா ஒண்ணு கேட்டுக்க மாப்ளே. இந்த மோனாக்சைடு தாய் ரத்தத்தோட நிக்காது, வயித்துல இருக்கிற சிசுவுக்கும் போகும். பெரியவங்களுக்குத் தலைவலியோட போறது அதுக்குத் தலைவலியோட போகாது. குளவிக்கூட்டைக் கலைச்சா புள்ளைக்கு ஆகாதுன்னு உங்கம்மா காவல் நிக்கிறா. கூட்டை அங்கேயே விட்டாத்தான் ஆகாது. இதை நான் சொன்னா என் கண்ணுன்னு சொல்லுவா. நீ சொல்லு. இல்லைன்னா குளவி இல்லாத நேரம் பார்த்து, அவ கோயிலுக்குப் போயிருக்கிறப்போ தட்டி விட்டுடு, கேட்டா அணில்னு சொல்லிக்கலாம்.

இன்னொரு சேதி. சுத்தம் பண்றேன்னு ஜெட்டு ஓட்டையில குண்டூசி விட்டுக் குடையிற மெக்கானிக்கு வந்தா, ஒரு காப்பி கொடுத்து வழியனுப்பிடு. பித்தளை ஓட்டை, குடைஞ்சா பெருசாகும். பெருசானா கேஸ் கூட வரும், காத்து அதே அளவுதான் வரும். திரும்ப மஞ்சள். ஊதித் துடைக்கணும், இல்ல புது ஜெட்டு மாட்டணும். உன் சகலை சிங்கப்பூர்லேர்ந்து தூக்கிட்டு வந்த அடுப்புக்கும் இதே கதைதான். அங்கே வீட்டுக்குக் குழாயில வர்ற கேஸ் வேற சரக்கு, பாதியளவு ஹைட்ரஜன். அதுக்குன்னு போட்ட ஜெட்டுல நம்ம சிலிண்டரை மாட்டினா கருமேகம்தான் கிளம்பும். விமானத்துல கூடுதல் எடைக்குக் காசு கட்டிக் கொண்டாந்தான் பாரு, அதான் பெரிய வேடிக்கை.

இப்ப சிம்னிக்கு வர்றேன். அது சமையலறைக் காத்தை வெளியே தள்ளுது. குளியலறையில ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டிருக்க, அதுவும் தள்ளுது. ரெண்டும் தள்ளுற காத்துக்கு ஈடா வேற காத்து எங்கேயிருந்தாவது வந்தாகணும். சன்னல் ரப்பர் விடாது, வாசக்கதவு விடாது. திறந்திருக்கிற ஒரே வழி கீசரோட புகைக் குழாய். வெளியே போக வேண்டிய புகை அது வழியாத் திரும்பி உள்ளே இறங்கும். ஃபேன் ஓடுதே, பத்திரமா இருக்கோம்னு நீ நினைச்சுக்கிட்டிருக்க, ஃபேன்தான் புகையைக் கூப்பிட்டுக்கிட்டு வருது. காத்து உள்ளே வர வழி வச்ச பொறவுதான் ஃபேனுக்கு மரியாதை.

ஆதனக்கோட்டையில ரோட்டோரம் முந்திரிக்கொட்டை வறுக்கிற பொம்பளைங்களைப் பார்த்திருப்ப. தோட்டுல இருக்கிற எண்ணெய் தீப்பிடிச்சு கன்னங்கரேல்னு புகை எழும்பும், தோல்ல பட்டாப் பொத்துக்கும். ஒருத்தியாவது அதைக் கதவு சாத்தின வீட்டுக்குள்ள வச்சு வறுக்கிறாளா? வெட்டவெளியில, காத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வறுக்கிறா. அவ யாரும் வெளிநாடு போனதில்ல.

வெளிநாடுன்னாலும் சொல்றேன். இங்கிலாந்துல வீட்டுக்கு வீடு கேஸ் பாய்லர்தான், குளிர் அப்படி. அங்கே 1998-ல போட்ட விதி, குளியலறைக்குள்ள புதுசா வைக்கிற பாய்லர் அந்த அறைக் காத்தைத் தொடவே கூடாதுங்குது. வெளியிலேர்ந்து குழாய் வழியாக் காத்தை இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளுற மூடின வகையாத்தான் இருக்கணும். நம்ம கடையில கிடைக்கிறது பெரும்பாலும் அறைக் காத்தையே இழுக்கிற சாதி. விலை கொறைச்சல், காத்து ஓசி. யாரோட காத்துன்னுதான் யாரும் கேட்கிறதில்ல.

ஆகவே செய்ய வேண்டியதைக் கேட்டுக்க. இன்னையிலேர்ந்து அந்தக் கீசரைத் திறக்காதே, யாரையும் திறக்க விடாதே. அந்தப் புள்ளைக்கு அடுப்புல அண்டா வச்சு வெந்நி போட்டுக் கொடு, நீயே தூக்கிட்டுப் போ. சிங்கப்பூர்ல எவ்வளவோ தூக்கியிருக்க. தலைவலி வந்ததைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்றப்போ கேஸ் கீசருங்கிற வார்த்தையை மறக்காம சொல்லு, ரத்தத்தை எடுத்துத்தான் பார்க்கணும். குளியலறையில யாராவது மயங்கினா, முதல்ல கதவையும் சன்னலையும் திறந்து, ஆளை வெளியே காத்துக்கு இழுத்துட்டு, கேஸை மூடிட்டு, 108-க்கு அடி. திருநீறு அப்புறம் பூசிக்கலாம். கேஸ் நாத்தம் வந்தா 1906.

கீசரைக் குளியலறையை விட்டே எடுத்துடணும். கொல்லைப்புறத்துத் தாவாரத்துல, மழை படாத இடத்துல வெளிச்சுவத்துல மாட்டு, குழாய் வழியா வெந்நி மட்டும் உள்ளே வரட்டும். அப்பத்தா பாய்லர் நின்ன அதே பக்கம்தான், இடம் காலியாத்தான் கிடக்கு. சிலிண்டரும் வெளியிலதான் நிக்கணும், நிமிர்ந்து. கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும், அதனால பள்ளத்துலயோ சாக்கடை வாய்க்குப் பக்கத்துலயோ வைக்காதே. ரப்பர் குழாயில போட்டிருக்கிற தேதியைப் பாரு, அஞ்சு வருஷம் ஆனா மாத்து. வருஷா வருஷம் மார்கழிக்கு முன்னாடி, கார்த்திகையிலேயே ஆளைக் கூப்பிட்டுப் பர்னரைக் கழட்டிக் குழலைத் தட்டி, செம்புத் தகட்டுக் கரியைப் பிரஷ்ஷால எடுக்கச் சொல்லு. தூசி படாம இருக்கட்டும்னு உங்கம்மா அதுக்குப் பூப்போட்ட உறை தைச்சுப் போட்டிருக்காளே, அடியில காத்து போற சந்தையெல்லாம் மறைச்சுக்கிட்டு, அதைக் கழட்டி டிவிக்குப் போடு.

குளியலறைச் சுவத்துலயும் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு ஓட்டை போடத்தான் வேணும், சாத்த முடியாதபடி. கீசர் இல்லைன்னாலும் மனுஷன் இருக்கானே. கொசு வரும்னா வலை போட்டுக்க, ஆனா வலையை மாசம் ஒருதரம் கழுவு, தூசி அடைஞ்ச வலையும் சுவரும் ஒண்ணுதான். டைல்ஸ் உடையும்னு முகத்தைச் சுளிக்காதே, நான் சொல்ற கொத்தனாரு பார்த்து உடைப்பான். நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்கேன், உன்கிட்ட கேட்காமதான்.

குழாய் சாமான் வாங்க நீ புதுக்கோட்டைதானே போகணும். வர்ற வழியில ஆதனக்கோட்டையில நிறுத்தி அரைக்கிலோ முந்திரி வாங்கிட்டு வா. முழுப்பருப்பு வேணாம், உடைசல் போதும், விலை கம்மி. உங்கத்தைகிட்ட முழுப்பருப்பு விலையைச் சொல்லி வாங்கிக்க, வித்தியாசத்தை என்கிட்ட கொடுத்துடு.